சூட்டுக் கட்டிக்குச் சூடுதான் மருந்து

அக்குளில் ஒரு கட்டி வந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் காதில் விழும் சொல் சூடு. "உடம்பு சூடு ஏறிடுச்சு, இளநீர் குடி, நாமக்கட்டி குழைச்சுப் போடு, மாம்பழத்தைத் தொடாதே." கட்டிக்குப் பெயரே சூட்டுக் கட்டி. வேனற்கட்டி என்றும் சொல்வார்கள். இரண்டு நாள் கழித்து அதே வீட்டில் அதே ஆட்கள் வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி, அனலில் வாட்டி, பொறுக்கும் சூட்டோடு அந்தக் கட்டிமேல் ஒட்டுவார்கள். சூட்டால் வந்த கட்டிக்குச் சூட்டையே வைக்கிறார்களே என்று சிறுவயதில் எனக்குக் குழப்பமாக இருக்கும். ஆச்சியிடம் கேட்டதற்கு வந்த பதில்: "பழுக்க வேண்டாமா?"

ஆச்சி செய்தது சரி. இன்றைக்குத் தோல் மருத்துவர் வீட்டில் செய்யச் சொல்வதும் அதைத்தான்: வெந்நீர் ஒத்தடம். ஆனால் அந்தச் சூடு என்ன வேலை செய்கிறது, எந்தக் கட்டியில் அது போதும், எதில் போதாது என்பது தெரிந்திருந்தால் வீட்டு வைத்தியத்தில் பாதியை நிம்மதியாக விட்டுவிடலாம்.

கட்டியைப் பற்றித் தமிழில் புழங்கும் சொற்களை வரிசையாக வைத்தாலே அதன் போக்கு தெரிந்துவிடும். முதலில் தோலுக்கடியில் கல் மாதிரி ஒன்று தட்டுப்படும். தொட்டால் வலிக்கும். மேல்தோல் சிவந்திருக்கும், கறுத்த தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, சுற்றியுள்ள இடத்தைவிடக் கருத்துப் பளபளப்பாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் வீங்கி, விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பிக்கும். பிறகு நடுப்பகுதி இளகும். இதைத்தான் பழுக்கிறது என்கிறோம். உச்சியில் மஞ்சளாகவோ வெளுப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால் முகம் வைத்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் உடையும். சீழும் ரத்தமும் கலந்து வரும், கடைசியில் கெட்டியாக முளை வெளியேறும், வலி சட்டென்று இறங்கும். பெரும்பாலான கட்டிகள் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் இந்தப் பயணத்தை முடித்துக்கொள்ளும்.

எல்லாம் நடப்பது ஒரு மயிர்க்காலில். முடி முளைக்கும் குழிக்குள் கிருமி இறங்கி, அடிவரை போய், சுற்றியுள்ள சதையையும் பிடித்துக்கொண்டால் அதுதான் கட்டி. குழியின் மேல்வாயோடு நின்றுவிட்டால் வெறும் சீழ்ப்பரு. சவரம் செய்த தாடையில் வருமே, அது. அதனால்தான் கட்டி வரும் இடங்கள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றாகவே இருக்கின்றன. பிடரி, முகம், அக்குள், தொடை, பிட்டம் என்று முடியும் வியர்வையும் உராய்வும் சேரும் இடங்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மயிர்க்கால் கிடையாது. அங்கே சீழ் வைத்தால் சூட்டுக் கட்டி என்று ஒத்தடம் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம்; முள்ளோ சிராயோ உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கிருமியைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன். தன் நோயாளிகளின் சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்; உருண்டையான சிறு உயிர்கள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. வீட்டிலேயே ஆய்வுக்கூடம் அமைத்து, கோழிமுட்டைக்குள் அவற்றை வளர்த்தும் காட்டினார். 1880இல் பெர்லினில் நடந்த அறுவை மருத்துவர் மாநாட்டில் இதைச் சொன்னார். 1882இல் அவர் வைத்த பெயர் ஸ்டெஃபிலோகாக்கஸ். கிரேக்கத்தில் ஸ்டெஃபிலே என்றால் திராட்சைக் கொத்து. வளர்ப்புத் தட்டில் பொன்னிறமாகப் படர்வதைப் பார்த்து, 1884இல் ஜெர்மானியரான ரோசன்பாக் ஆரியஸ் என்ற பின்னொட்டைச் சேர்த்தார். ஆக, நம் அக்குளில் சீழ் வைக்கும் பிறவிக்குப் பெயர் பொன் திராட்சை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இது எங்கிருந்தோ வந்து தொற்றும் அபூர்வக் கிருமி என்று நினைக்க வேண்டாம். ஏறத்தாழ பத்தில் மூன்று பேருடைய மூக்குத் துவாரத்தில் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. மூக்கிலிருந்து விரலுக்கு, விரலிலிருந்து சொறிந்த இடத்துக்கு வர அதிக நேரம் ஆகாது.

அப்படியானால் கோடையில் ஏன் அதிகம்? இங்கேதான் "சூடு" என்ற ஊர்ப்பேச்சில் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடம்புக்குள் ஏதோ சூடு சேர்ந்து கட்டியாக வெளிவருவதில்லை. வெளியே வெயில் கொளுத்தினால் தோல் நாள் முழுக்க ஈரமாக இருக்கும், துணி உரசும், வியர்க்குரு வரும், சொறிவோம், தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். வியர்வையின் உப்பு கிருமியைக் கொல்லாதா என்றால், இந்தக் கிருமிக்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை. ஆய்வுக்கூடத்தில் இதைப் பிரித்தெடுக்கப் பயன்படுத்தும் ஊடகத்தில் 7.5 சதவீதம் உப்பு சேர்ப்பார்கள். மற்ற பல கிருமிகள் அதில் திணறும்போது இது ஜாம்ஜாம் என்று வளரும். வியர்வையில் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. குழந்தைகளின் தலையில் கோடையில் கட்டி வருவதற்குப் பேன் ஒரு காரணம். சொறிந்த புண்ணில் கிருமி ஏறிவிடும். தொடையிலும் முன்கையிலும் அடிக்கடிப் பரு, கட்டி என்று வரும் மெக்கானிக்குகளும் லேத் பட்டறைத் தொழிலாளர்களும் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய் ஊறிய உடுப்பை. மயிர்க்காலின் வாயை எண்ணெய் அடைத்துவிடுகிறது.

மாம்பழம் பாவம். அது பழுக்கும் பருவமும் கட்டி பழுக்கும் பருவமும் ஒன்றாகப் போனதுதான் அதன் குற்றம்.

சரி, ஒத்தடம் என்ன செய்கிறது? வெந்நீரின் சூடு கிருமியைக் கொல்லாது. கொல்லும் சூட்டில் நம் தோல்தான் முதலில் வெந்துபோகும். சூடு பட்ட இடத்தில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. கூடுதலாக ரத்தம் வருகிறது, அதோடு வெள்ளையணுக்களும் வருகின்றன. அவை கிருமியைத் தின்று, தாமும் செத்து, கரைந்த சதையோடு சேர்ந்து சீழாகின்றன. ஆரம்பத்திலேயே ஒத்தடம் கொடுத்தால் சில கட்டிகள் பழுக்காமலே அமுங்கிவிடும். மற்றவை சீக்கிரம் இளகி, சீழ் ஓரிடத்தில் திரண்டு, தோல் மெலிந்த இடம் பார்த்துத் தானே வழி போட்டுக்கொள்ளும்.

செய்முறையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. சுத்தமான பருத்தித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழியுங்கள். உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துத் தாங்க முடிகிற சூடு போதும். கட்டிமேல் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். ஆறினால் மறுபடி நனைத்துக்கொள்ளுங்கள். இப்படி நாளுக்கு மூன்று நான்கு முறை. பலரும் தோற்பது இந்த எண்ணிக்கையில்தான். ராத்திரி படுக்கும்முன் ஒருமுறை இரண்டு நிமிடம் ஒற்றிவிட்டு, "ஒத்தடம் கொடுத்தேன், கேட்கலை" என்பார்கள். சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்கள் காலில் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளக் கூடாது. சூடு உறைக்காது, கட்டி போய்க் கொப்புளம் வந்து சேரும். வலி தாங்கவில்லை என்றால் வயதுக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும்.

உடைந்த பிறகு ஒத்தடத்தை உடனே நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் மிச்சச் சீழும் வடியும். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, துடைத்து, சுத்தமான காஸ் துணியால் லேசாக மூடி, நனைந்ததும் மாற்ற வேண்டும். காற்றாட விட்டால் காயும் என்று திறந்து வைப்பது நல்ல எண்ணம்தான், ஆனால் அந்தச் சீழில் உயிருள்ள கிருமி கோடிக்கணக்கில் இருக்கிறது. தலையணை உறையில் பட்டாலும் துண்டில் பட்டாலும் அடுத்த கட்டிக்கு விதை அது.

மற்ற வீட்டு மருந்துகளை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். வாட்டிய வெற்றிலை, சூடான அரிசிமாவுக் களி, அரைத்துச் சூடாக்கிய ஆளிவிதைப் பற்று எல்லாம் ஒரே குடும்பம். ஈரச்சூட்டை நெடுநேரம் தாங்கி நிற்கும் பாத்திரங்கள் அவை. ஆளிவிதைப் பற்றை ஐரோப்பிய மருத்துவமனைகளும் ஒரு காலத்தில் இதே வேலைக்கு வைத்திருந்தன. தோல் கிழியாதவரை இவற்றால் கெடுதல் இல்லை. வெந்நீர்த் துணியைவிடக் கூடுதல் லாபமும் இல்லை. நாமக்கட்டியும் சந்தனமும் எரிச்சலைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். மஞ்சளின் குர்க்குமினுக்கு ஆய்வுக்கூடத்தில் கிருமியை அடக்கும் குணம் உண்டு. ஆனால் தோலுக்கு அடியில், சீழுக்கு நடுவில் இருக்கும் கிருமியை மேலே பூசிய மஞ்சள் எட்டாது. உடைந்த புண்ணில் அடுக்களை மஞ்சள்தூளை அள்ளி வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

சுண்ணாம்பும் எருக்கம்பாலும் வேறு ரகம். இவை தோலைச் சுட்டுக் கரைக்கின்றன. கட்டி உடைவது போலத் தோன்றும். உண்மையில் உடைவது தோல். எருக்கம்பால் கை தவறிக் கண்ணில் பட்டால் கருவிழியே பாதிக்கப்படும். நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிவிடுவது நம் ஊரில் பிரபலம். வெடித்த தோலில் அந்தப் புளிப்பு எரிச்சலைத்தான் கூட்டும். அதற்குப் பதில் விரலை வெந்நீரில் ஊற வைத்தால் போதும்.

இனி, கை சும்மா இருக்காதே என்ற விஷயம். முகம் வைத்த கட்டியைப் பார்த்தால் பிதுக்கத் தோன்றும். ஊசியை நெருப்பில் காட்டிக் குத்திவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. ஊசி சுத்தமா என்பது இரண்டாவது கேள்வி. இந்தக் கிருமி ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைச் சுரக்கிறது. உடம்பும் தன் பங்குக்குச் சுற்றிலும் வேலி போடுகிறது. சீழ் அந்த வேலிக்குள் அடங்கியிருக்கும்வரை சேதம் ஒரு சுண்டைக்காய் அளவோடு நிற்கும். பிதுக்கும்போது அழுத்தம் மேல்நோக்கி மட்டும் போவதில்லை, வேலி அடியிலும் உடைகிறது. கிருமி பக்கத்துச் சதைக்கும், சில சமயம் ரத்தத்துக்கும் போகிறது. ரத்தத்தில் ஏறிய ஸ்டெஃபிலோகாக்கஸ் எலும்பிலோ இதய வால்விலோ போய் உட்கார்ந்தால் அது முற்றிலும் வேறு நோய்.

மூக்கு, மேலுதடு, அவற்றைச் சுற்றிய முக்கோணம் இதில் தனி எச்சரிக்கைக்கு உரியது. அந்த இடத்துச் சிரைகளுக்கும் மூளையின் அடியில் உள்ள பெரிய சிரைக் குகைக்கும் தொடர்பு இருக்கிறது; ரத்தம் பின்னோக்கி ஓடவும் வாய்ப்புண்டு. ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாண்டர் ஸ்க்ரியாபின் 1915இல் மாஸ்கோவில் இறந்தது மேலுதட்டில் வந்த ஒரு புண் ரத்தத்தில் நஞ்சாக ஏறியதால். வயது 43. 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் பெனிசிலின் சிகிச்சை பெற்ற முதல் நோயாளிகளில் ஒருவரான காவலர் ஆல்பர்ட் அலெக்சாண்டரின் கதையும் இந்தக் குடும்பம்தான். முகத்தில் ஏற்பட்ட காயத்தில் தொடங்கி, தலையெல்லாம் சீழ் வைத்து, ஒரு கண்ணையே எடுக்க வேண்டி வந்தது. மருந்து கொடுத்ததும் தேறினார். கையிருப்பு தீரத் தீர, அவருடைய சிறுநீரிலிருந்து பெனிசிலினைப் பிரித்தெடுத்துத் திரும்பக் கொடுத்தார்கள். அதுவும் போதாமல் மார்ச் மாதம் இறந்துபோனார். இன்று இப்படி நடப்பது மிக அரிது, மருந்து இருக்கிறது. இருந்தாலும் மூக்கின் பக்கம் வந்த கட்டியைப் பிதுக்க வேண்டாம்.

கட்டி என்று தோன்றுவதெல்லாம் கட்டி இல்லை. தொடை இடுக்கிலோ அக்குளிலோ உருண்டையாக, தோலுக்கு அடியில் நகர்ந்து கொடுத்தால் அது பெரும்பாலும் நெறி கட்டியது. காலில், கையில் எங்காவது புண் இருக்கிறதா என்று தேடுங்கள். கழுத்தில் வலியோ சூடோ இல்லாமல் மெதுவாக வளர்ந்து இளகும் வீக்கம் காசநோயாக இருக்கலாம்; ஒத்தடம் கொடுத்து நாளைக் கடத்துகிற இடமல்ல அது. பல வருடம் பேசாமல் இருந்த மெத்தென்ற உருண்டை திடீரென்று சிவந்து வலித்தால் உள்ளே இருந்த நீர்க்கட்டி போன்ற பை அழற்சியடைந்திருக்கிறது. சீழை எடுத்தாலும் பையை எடுக்காதவரை அது திரும்ப வரும். பிட்டப் பிளவின் உச்சியில், வால் எலும்பருகே அடிக்கடி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே புதைந்த முடி. ஆசனவாய் ஓரத்துக் கட்டியை வெட்கப்பட்டு மறைத்து வைத்தால் பௌத்திரமாக முடியக்கூடும்.

அக்குள், தொடை இடுக்கு என்று மாறி மாறி, இரண்டு பக்கமும், வருடக்கணக்கில், தழும்பும் துளையுமாக வந்துகொண்டே இருந்தால் அதற்குத் தனி நோய்ப்பெயரே உண்டு: ஹைட்ராடெனைடிஸ். இது தொற்று இல்லை, சுத்தக்குறைவும் இல்லை. மயிர்க்கால்களின் நாள்பட்ட அழற்சி. கார்ல் மார்க்ஸுக்கு இது இருந்திருக்கலாம் என்று 2007இல் தோல் மருத்துவர் சாம் ஷஸ்டர் எழுதினார். மார்க்ஸ் தன் கடிதங்களில் எங்கெல்லாம் வந்தது, எப்படி வலித்தது என்று நண்பர் ஏங்கெல்ஸிடம் புலம்பித் தீர்த்திருந்ததால்தான் நூற்றிருபது வருடம் கழித்து இப்படி ஒரு நோயறிதல் சாத்தியமானது. முதலாளி வர்க்கம் தன் கட்டிகளை மறக்கவே போவதில்லை என்றுகூட 1867இல் எழுதியிருக்கிறார். அவரும் பலரைப் போல இதைச் சாதாரணக் கட்டி என்றே நம்பியிருந்தார்.

இன்னொரு குழப்பம், "ஏதோ பூச்சி கடிச்சுடுச்சு". பழைய தமிழ் அகராதிகளில் சிலந்தி என்ற சொல்லுக்கு எட்டுக்கால் பூச்சியோடு புண்கட்டி என்ற பொருளும் இருக்கிறது. அமெரிக்காவிலும் மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் கட்டியோடு வருகிறவர்கள் சிலந்தி கடித்தது என்றுதான் அடிக்கடி சொல்கிறார்கள். கடித்த பூச்சியைக் கண்ணால் பார்க்கவில்லை என்றால் கட்டி என்றே வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவை எவை? காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, கட்டியிலிருந்து செங்கோடு ஒன்று மேலேறினாலோ அன்றைக்கே போக வேண்டும். கைக்குழந்தை, சர்க்கரை நோயாளி, புற்றுநோய்க்கோ உறுப்பு மாற்றுக்கோ மருந்து எடுப்பவர், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோருக்கும் காத்திருப்பு கூடாது. முகத்தில், முதுகெலும்பின் மேல், மார்பில் வந்தாலும் அப்படியே. 5 சென்டிமீட்டரைத் தாண்டினாலும், ஒரு வாரம் ஒத்தடம் கொடுத்தும் அசையாவிட்டாலும் காட்டிவிடுங்கள். வெளியே சின்னதாகத் தெரிந்தும் வலி மட்டும் அளவுக்கு மீறி இருந்தால், தோல் கருநீலமாக மாறினால், அது சதையை அரிக்கும் தொற்றாக இருக்கலாம். நேரே அவசரப் பிரிவு.

பிளவை என்று நம் முன்னோர் தனியாகப் பெயரிட்டது சும்மா இல்லை. பக்கத்துப் பக்கத்து மயிர்க்கால்கள் ஒன்றாகப் பழுத்து, அடியில் ஒரே குளமாகச் சேர்ந்து, மேலே சல்லடை மாதிரிப் பல வாய்களில் சீழ் வடியும். பெரும்பாலும் பிடரியிலும் முதுகிலும் வரும். ராஜபிளவை என்ற பெயரே பயத்தைக் காட்டுகிறது. பிளவை வந்தவரிடம் எந்த மருத்துவரும் முதலில் கேட்பது சர்க்கரை அளவை.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? இளகிய கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றுவார்கள். இதுதான் சிகிச்சை; ஆன்டிபயாட்டிக் துணை மருந்து. சீழ்க் குளத்துக்குள் ரத்த ஓட்டம் இல்லாததால் விழுங்கிய மாத்திரை அங்கே போதுமான அளவில் சேர்வதில்லை. அமெரிக்காவில் ஐந்து அவசரப் பிரிவுகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்று இதை எண்ணிக்கையில் காட்டுகிறது. கீறி மட்டும் விட்டவர்களில் 73.6 சதவீதம் பேர் குணமானார்கள். கீறி, கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் கொடுத்தவர்களில் 80.5 சதவீதம். மாத்திரைக்குப் பலன் உண்டு, பெரிய பங்கு கத்திக்கு.

மருந்துக் கடையில் "கட்டிக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு நாலு மாத்திரை வாங்கி, இரண்டு போட்டு, வலி குறைந்ததும் நிறுத்துவது இதனால்தான் வீண். வீண் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. 1959இல் மெத்திசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் வந்தது. 1961இலேயே அதற்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் பதிவாகிவிட்டது. இந்தக் கிருமி அவ்வளவு வேகமாகப் பாடம் படிக்கும், அரைகுறை மாத்திரைகள் அதற்கு இலவச டியூஷன்.

பட்ட காலிலே படும் என்பது போலச் சிலருக்கு ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது வரும். ஆறு மாதத்தில் மூன்று நான்கு என்றால் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) INDIAB ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தனக்கு இருப்பதே தெரியாதவர்கள் ஏராளம். சிலருக்கு அதை முதலில் சொல்வது கட்டிதான்.

சர்க்கரை சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் மூக்கின்மேல். மருத்துவர் முபிரோசின் களிம்பைத் தினம் இருமுறை, ஐந்து முதல் பத்து நாள், இரண்டு நாசித் துவாரத்திலும் தடவச் சொல்லலாம். குளிக்கக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவம் கொடுக்கலாம். அந்த நாட்களில் துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு எல்லாம் தினமும் வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காய வேண்டும். சவரக் கத்தி ஆளுக்கு ஒன்று. வீட்டில் இன்னொருவருக்கும் கட்டி வந்திருந்தால் அவருக்கும் சேர்த்தே இதைச் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் குளியலறைக் கொடியில் தொங்கும் அந்த ஒரே துண்டு, அப்பா தோளிலிருந்து பிள்ளை தொடைக்கும் பிள்ளை தொடையிலிருந்து அப்பா தோளுக்கும் கட்டியை மாற்றி மாற்றிக் கொண்டுபோய்க்கொண்டே இருக்கும்.